சங்கு காசிமாயனும் மேனேஜர் விராலும்

மதுரைக்குப் பொழுது விடிவது சூரியனால் என்று யாராவது சொன்னால் காசிமாயனுக்குக் கோபம் வந்துவிடும். பஞ்சாலையில் சங்கு ஊதுகிற உத்தியோகம் அவருக்கு. கொதிகலன் அறையின் மூலையில் ஒரு சங்கிலி தொங்கும். அதைப் பிடித்து இழுத்தால் ஆலைச் சங்கு அலறும். அந்த அலறலைக் கேட்டுத்தான் ஊரில் பாதிப் பேர் பாயைச் சுருட்டினார்கள், அடுப்பைப் பற்றவைத்தார்கள், பெண்டாட்டியோடு போட்ட சண்டையைப் பாதியில் நிறுத்திவிட்டு வேலைக்கு ஓடினார்கள். "என் கை அசையலைன்னா மதுரை அசையாதுய்யா" என்று காபிக் கடையில் உட்கார்ந்து சொல்லுவார். ஒரு தடவை வயிற்றுக் கடுப்பு வந்து இரண்டு நாள் வீட்டில் படுத்துவிட்டார். அந்த இரண்டு நாளும் சங்கு ஊதத்தான் செய்தது. அதை மட்டும் அவர் யாரிடமும் சொல்வதில்லை.

சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி. இங்கே ஒழுங்காகச் சங்கு ஊதிக்கொண்டிருந்த மனிதரை ஒரு வெள்ளைக்காரத் துரை கெடுத்தார். அவர் கொதிகலன் எஞ்சினியர். ஞாயிற்றுக்கிழமையானால் வண்டியூர்க் கண்மாய்க் கரையில் மடக்கு நாற்காலி போட்டு, தூண்டிலும் கையுமாக உட்கார்ந்துவிடுவார். குடை பிடிக்கவும் புழு டப்பாவைத் திறந்து நீட்டவும் காசிமாயன். முதல் நாள் துரை காலையிலிருந்து பொழுது சாயும் வரை உட்கார்ந்து உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கெண்டையைப் பிடித்தார். பிடித்தவர் அதன் வாயிலிருந்து தூண்டில் முள்ளை நோகாமல் கழற்றி, முதுகைத் தடவிக் கொடுத்து, மறுபடியும் தண்ணீரிலேயே விட்டுவிட்டார். காசிமாயனுக்குத் தலை சுற்றியது.

"ஸ்போர்ட், மாயன், ஸ்போர்ட்!" என்றார் துரை.

காசிமாயனுக்கு அது விளங்கவில்லை. தனக்கு விளங்காதது எதுவானாலும் அது பெரிய விஷயமாகத்தான் இருக்க வேண்டும் என்பது அவருடைய தீர்மானம். அன்றையிலிருந்து அவருக்கும் 'ஸ்போர்ட்டு' பிடித்துக்கொண்டது.

துரை வேலையை விட்டுச் சீமைக்குப் போனபோது தன் பழைய தூண்டிலைக் காசிமாயனிடம் கொடுத்துவிட்டுப் போனார். சாதாரணத் தூண்டிலா அது? ஒன்றுக்குள் ஒன்று செருகுகிற மூன்று துண்டுக் கம்பு, ஒவ்வொரு மூட்டுக்கும் பித்தளைப் பூண், அடியில் தூண்டில் நரம்பு சுற்றிய சக்கரம். சக்கரத்தைத் திருப்பினால் கிர்ரென்று சத்தம் வரும். கூடவே ஒரு தகரப் பெட்டி. அதில் நீலம் பாய்ந்த சீமை முட்கள், சிவப்பு வெள்ளைத் தக்கைகள், மீனை ஏமாற்றுவதற்கு என்று கரண்டி மாதிரி ஒரு பளபளப்பான தகடு. எல்லாவற்றுக்கும் மேலே துரையின் பழைய தொப்பி. இவ்வளவும் வந்த பிறகு அந்த மனிதர் சும்மா இருப்பாரா?

சமணமலைக்கு மேற்கே மஞ்சனத்திப்பட்டி அவருடைய மாமனார் ஊர். அங்கே நல்ல கண்மாய் உண்டு. ஞாயிற்றுக்கிழமை தோறும் வாடகைச் சைக்கிளில் மனைவி பாண்டியம்மாளைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு, தூண்டிலைக் குறுக்கே கட்டிக்கொண்டு, தொப்பியும் தானுமாகப் போய் இறங்குவார். முதல் ஞாயிறு பாண்டியம்மாள் தாய்வீட்டு அம்மியில் மிளகாயும் மல்லியும் வைத்து மைய அரைத்து, புளியைக் கரைத்து வைத்துவிட்டு, வாசலைப் பார்த்தபடி நின்றாள். பொழுது சாய மனிதர் வெறுங்கையோடு வந்தார்.

"ஒண்ணும் படலையா?"

"படாம என்ன? நாலு கெண்டை பட்டுச்சு."

"எங்க?"

"விட்டுட்டேன்."

"எங்க விட்டீக?"

"தண்ணியிலதான். சைஸு பத்தல. அது ஸ்போர்ட்டுடி, உனக்கு விளங்காது."

பாண்டியம்மாளுக்கு விளங்கியது. நாலு கெண்டை; அரைத்த மசாலா; விட்டுவிட்டு வந்த புருஷன். அன்று இரவு எல்லோரும் அந்த மசாலாவில் கத்தரிக்காய் போட்டுக் குழம்பு சாப்பிட்டார்கள். மறுநாள் ஊருக்குள், சங்குக்கார மருமகன் ஏதோ தோஷத்துக்குப் பரிகாரமாக மீனுக்கு உயிர்ப்பிச்சை கொடுக்கிறார் என்று பேச்சு கிளம்பியது. ஒரு கிழவர் அவரைப் பார்த்துக் கும்பிட்டே விட்டார்.

பாண்டியம்மாளின் அண்ணன் விருமாண்டி மட்டும் கும்பிடவில்லை. உழுது பிழைக்கிற சம்சாரி. நக்கலைப் பால்குடியோடு பழகிய ஆள். தகடு போட்டு மீன் பிடிக்கிற அழகைப் பார்த்துவிட்டு, "மாப்ள, மீனுக்குக் கரண்டியில ஊட்டி விடுறீகளாக்கும்! இடுப்புல தூக்கி வச்சு நிலாவக் காட்டுங்க, இன்னும் ரெண்டு வாய் திங்கும்" என்றான். தகடு பாசியில் சிக்கிப் போனது. பிறகு கேப்பை மாவில் கருப்பட்டி சேர்த்து உருண்டை பிடித்தார்; குஞ்சுக் கெண்டைகள் முள்ளைத் தொடாமல் மாவை மட்டும் நக்கிவிட்டுப் போயின. மண்புழு கோத்தார், கெளுத்தி வந்தது. வந்த கெளுத்தியைத் துரை மாதிரித் தடவிக் கொடுக்கப் போனார். அது செவுள் பக்கத்து முள்ளால் ஒரே போடாகப் போட்டது. கை பணியாரம் மாதிரி வீங்கிவிட்டது. அந்த வாரம் முழுக்க இடது கையால் சங்கு இழுத்தார். ஆலைச் சங்கு விக்கி விக்கி ஊதியது என்று ஊரில் பேசிக்கொண்டார்கள்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் அவர் மேனேஜரைப் பார்த்தார்.

அது ஒரு விரால். கண்மாயின் மடைக்குப் பக்கத்தில், ஆழமான கிடங்கில் குடியிருந்தது. தொடை தண்டி இருக்கும் என்பது காசிமாயன் கணக்கு. எப்போதாவது ஒரு தடவை மேலே வந்து வாயைப் பிளந்து ஒரு மடக்குக் காற்றைக் குடித்துவிட்டு, ஒன்றும் செய்யாமல் உள்ளே போய்விடும். ஆலை மேனேஜரும் அப்படித்தான். மாதத்துக்கு ஒருமுறை அறையைவிட்டு வெளியே வந்து, வாயைத் திறந்து, ஒன்றும் சொல்லாமல் உள்ளே போவார். அதனால் அந்தப் பெயர் வைத்தார்.

தகடு, மாவு, புழு எல்லாவற்றையும் மூட்டை கட்டிவிட்டுத் தவளைக்குஞ்சைக் கோத்தார். விராலுக்கு உயிருள்ள இரைதான் பிடிக்கும். தவளை தண்ணீர் மேலே தத்த வேண்டும், கரையில் இருக்கிறவன் மூச்சு விடக் கூடாது. போன தை மாதம் ஒரு நாள் மேனேஜர் வந்து தவளையை ஒரே வாயில் வாங்கிக்கொண்டது. சக்கரம் கிர்ரென்று கத்தியது. கம்பு வில்லாக வளைந்தது. காசிமாயன் 'அய்யனாரே' என்று வாயைத் திறப்பதற்குள் நரம்பு அறுந்து, முள்ளோடு மேனேஜர் போய்விட்டது.

ஓட்டமாக ஊருக்குள் வந்து சொன்னார். யார் நம்புவார்கள்?

"பாசியில மாட்டியிருக்கும் மாப்ள" என்றான் விருமாண்டி.

"பாசி இழுக்குமாய்யா? சக்கரமே சுத்துச்சுய்யா! என் முள்ளு அவன் வாயிலதான் இருக்கு. நானே செகப்பு நூல் வச்சுக் கட்டுன சீமை முள்ளு!"

"அப்ப மூக்குத்தி போட்ட விராலுன்னு சொல்லுங்க. வளைகாப்பு எப்ப?"

இதைக் கேட்டு ஊரே சிரித்தது. பாண்டியம்மாளும் சிரித்தாள். அதுதான் அவருக்குத் தாங்கவில்லை. மற்றவர்கள் சிரித்தால் விவரம் கெட்டவர்கள் என்று விட்டுவிடலாம். கட்டிய பெண்டாட்டி சிரித்தால்? இத்தனை வருஷத்தில் அவர் சொன்ன அத்தனை புளுகையும் நம்பினவள் அவள். மதுரையே தன் கையில்தான் விடிகிறது என்று சொன்னபோதுகூடத் தலையாட்டினாள். அவர் சொன்ன ஒரே ஒரு உண்மைக்குச் சிரித்துவிட்டாள். மேனேஜரைப் பிடித்து, அதன் வாயைப் பிளந்து, சிவப்பு நூல் கட்டிய முள்ளை அவள் கண் முன்னால் காட்டாவிட்டால் தான் மனிதனே இல்லை என்று அன்றைக்கு முடிவு செய்தார். ஆலையில் சங்கிலியை இழுக்கும்போதும் அதே நினைப்புத்தான்.

ஆனால் காலம் அவருக்காகக் காத்திருக்கவில்லை. வைகாசி வந்தது, கண்மாய் வற்றியது. வற்றினால் கண்மாயை அழிப்பார்கள். அழிப்பது என்றால் சுற்றுப்பட்டு ஊர்களுக்கெல்லாம் தண்டோராப் போட்டு, ஒரே நாளில் எல்லோரும் இறங்கி இருக்கிற மீனையெல்லாம் பிடித்துக்கொண்டு போவது. அடியில்லாத கூடை மாதிரி மூங்கிலில் கட்டிய ஊத்தாவும் வலையுமாக விடிவதற்கு முன்பே ஜனம் கரையில் வந்து நிற்கும். ஆனால் ஒரு கால் தண்ணீரில் படக் கூடாது. அய்யனாருக்குப் பூசை முடிந்து, ஊர்த் தலைவரான அம்பலம் மடைக்கல் மேல் ஏறி நின்று வெள்ளைத் துண்டை வீச வேண்டும். வெள்ளை வீசிவிட்டால் அது அய்யனார் உத்தரவு. அப்புறம் யாராலும் நிறுத்த முடியாது. வெள்ளை விழுவதற்கு முன் இறங்கியவனை ஊரைவிட்டுத் தள்ளி வைத்ததும் உண்டு.

தண்டோராச் சத்தம் கேட்ட அன்றே பாண்டியம்மாள் கறாராகச் சொல்லிவிட்டாள்.

"இந்தாருங்க, வெள்ளை வீசுறதுக்குள்ள உங்க மேனேஜரப் பிடிச்சா உண்டு. அதுக்கப்புறம் கண்மாயில மீனே இருக்காது. அந்தக் கம்ப எனக்குக் குடுத்துரணும். முருங்கைக்காய் எட்ட மாட்டேங்குது."

"சீமைக் கம்புடி அது!"

"அதான் நல்லா எட்டும்."

விருமாண்டி சாட்சி. "அருவா நான் கட்டித் தாரேன் தங்கச்சி" என்றான்.

கண்மாய் அழிக்கிற நாள் வந்தது. கரை தெரியாமல் கூட்டம். மேற்குக் கரையில் நான்கு ஊர்ச் சனம், கிழக்கே மூன்று ஊர். ஊத்தாக்களைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு நின்றார்கள். பூசை வைக்கப் பொங்கல் பானை தயார். கோடாங்கி சிவனாண்டி, சாமி வந்து குறி சொல்கிறவர், உடுக்கையைத் துடைத்து மடியில் வைத்துக்கொண்டு கோயில் வாசலில் உட்கார்ந்திருந்தார். அம்பலம் மொக்கையனைத்தான் காணோம்.

அம்பலம் ஊர் எல்லையில் மாலையோடு நின்றார். இந்த வருஷம் தாசில்தாரைக் கூப்பிட்டிருந்தார். எதற்கு? கண்மாய்க்குத் தாசில்தார் எதற்கு என்று கேட்டால் உங்களுக்கு ஊர்ப் பெரிய மனிதர்களைத் தெரியாது என்று அர்த்தம். தாசில்தார் காலையிலேயே வருவதாகச் சொல்லியிருந்தார். காலைப் பலகாரம் முடிந்து, வெற்றிலை முடிந்து, வண்டிமாடு தண்ணீர் குடித்து முடிந்து வருவதற்குள் சூரியன் உச்சியை நெருங்கிவிட்டது. அவர் வராமல் பூசை கிடையாது. பூசை இல்லாமல் வெள்ளை கிடையாது. கரையில் நின்ற சனம் வெயிலில் வெந்து, வாயில் வந்ததையெல்லாம் பேசிக்கொண்டு, மடைக்கல்லையே வெறித்துப் பார்த்தபடி நின்றது. ஒரு கொக்கு இறக்கையை விரித்தாலும் இறங்கிவிடுவார்கள் போல இருந்தது.

எல்லோருக்கும் எரிச்சல். காசிமாயனுக்கு மட்டும் கொண்டாட்டம். தாசில்தார் தாமதிக்கிற ஒவ்வொரு நிமிஷமும் அவருக்கு வரம். மடைக்குப் பின்புறம் கருவேலம் புதருக்குள் நுழைந்து, படிக்கட்டில் பதுங்கி உட்கார்ந்து தவளையைத் தத்தவிட்டுக்கொண்டிருந்தார். தண்ணீர் வற்றி மேனேஜரின் கிடங்கு மட்டும் இடுப்பளவு நின்றது. அவர் அங்கே இருப்பது கூழ் கொண்டுவந்த பாண்டியம்மாளைத் தவிர யாருக்கும் தெரியாது. இன்னொன்றும் சொல்ல வேண்டும். அன்றைக்கு அவர் தலையில் தொப்பி இல்லை. "அய்யனார் முன்னாடி தொப்பி போட்டுக்கிட்டு எவனும் வரப்படாது" என்று அம்பலம் முந்தின நாளே கண்டித்துச் சொல்லியிருந்தார். அதனால் புது வெள்ளை மல்லுத் துண்டைத் தலைப்பாகையாகக் கட்டியிருந்தார். அம்பலம் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருந்தால் அவர் மானம் அன்றைக்குத் தப்பியிருக்கும்.

தவளை இரண்டு தத்துத் தத்தியது. மூன்றாவது தத்தில் தண்ணீர் பிளந்தது.

கிர்ர்ர்ர்!

காசிமாயன் இந்தத் தடவை அவசரப்படவில்லை. ஓடவிட்டார், இழுத்தார், ஓடவிட்டார். ஓட இடமில்லாமல் மேனேஜர் கிடங்கையே கலக்கியது. கடைசியில் களைத்து, மடைக்கல் ஓரத்தில் பக்கவாட்டில் சாய்ந்து கிடந்தது. அப்பாடா! தொடை தண்டிதான். கொஞ்சமும் புளுகில்லை. காசிமாயனுக்குக் கண்ணில் நீர் முட்டியது.

ஆனால் விராலை வெறுங்கையால் பிடிக்க முடியுமா? எண்ணெயில் முக்கி எடுத்த உலக்கை மாதிரி வழுக்கும். துணி வேண்டும். பதற்றத்தில் தான் நிற்கிற இடம் எது என்பதே அவருக்கு மறந்துபோனது. ஒரு கையில் கம்பைப் பிடித்துக்கொண்டு தாவி மடைக்கல் மேல் ஏறினார். தலைப்பாகையை உருவினார். சுருட்டிக் கிடந்த துண்டு விரிய வேண்டுமே! தலைக்கு மேலே தூக்கி ஓங்கி ஒரு உதறு உதறினார். விரியவில்லை. இன்னொரு உதறு.

உச்சி வெயிலில் புது மல்லுத் துண்டு பளீரென்று விரிந்தது.

ஏழு ஊர்ச் சனமும் 'ஹோ'வென்று ஒரே குரலாகக் கத்தியது. அப்புறம் கேட்டது தண்ணீர்ச் சத்தம். கிழவன், குமரி, நண்டு, சிண்டு அத்தனை பேரும் கண்மாய்க்குள் இருந்தார்கள். ஊத்தா விழுகிற சத்தமும் வலை விழுகிற சத்தமும் 'என்னைத் தள்ளாதடா' என்கிற சத்தமும் சேர்ந்து சமணமலையில் மோதித் திரும்பின. காசிமாயன் துண்டைப் பிடித்தபடி மடைக்கல் மேல் கல்லாக நின்றார். வாழ்நாளெல்லாம் அவர் கை அசைந்து ஊர் அசைந்ததாகப் பீற்றிக்கொண்டவர். உண்மையாகவே அசைந்தபோது அந்தக் கையைத் துண்டோடு முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார்.

ஓடி வந்த யாரோ நரம்பில் கால் சிக்கி விழ, நரம்பு அறுந்தது. மேனேஜர் துள்ளிக் கரையோரம் பாய்ந்தது. அங்கே பாண்டியம்மாள் நின்றாள். அவள் ஊத்தா கொண்டுவரவில்லை. கூழ்ச்சட்டியை வைத்துக் கொண்டுவந்த சாணிக்கூடைதான் இருந்தது. யோசிக்கவே இல்லை. சட்டியைக் கீழே போட்டாள், கூடையைக் கவிழ்த்தாள், அதன் மேல் உட்கார்ந்துவிட்டாள். சீமைக் கம்புக்கும் சக்கரத்துக்கும் டிமிக்கி கொடுத்த மேனேஜர் சாணிக்கூடைக்குள் அகப்பட்டது.

கூடையைத் தூக்கி மீனைப் புரட்டி வாயைப் பார்த்தாள். உள்ளே இரண்டு முள். ஒன்று புதிது. இன்னொன்று துருப்பிடித்து உதட்டில் ஊறிப்போயிருந்தது. அதில் வெளுத்துப்போன சிவப்பு நூல். பாண்டியம்மாள் மடைக்கல்லில் நின்ற புருஷனை ஏறிட்டுப் பார்த்தாள். மீன் மேல் தாமரை இலையைப் போட்டு மூடினாள்.

தாசில்தாரோடு அம்பலம் வந்து சேர்ந்தபோது கண்மாயில் சேறும் மனிதத் தலைகளும்தான் இருந்தன. தாசில்தார் மாலையும் கழுத்துமாகச் சேற்றைப் பார்த்துவிட்டு, "பேஷ், நல்ல ஏற்பாடு" என்று சொல்லி, மாலையைக் கழற்றிக் கொடுத்துவிட்டு வண்டியைத் திருப்பச் சொன்னார். அம்பலத்துக்கு முகம் கறுத்துவிட்டது.

"எவன்டா வெள்ளை வீசுனது? பூசை முடியல, பொங்கல் இறக்கல, எவன்டா மடைக்கல்லுல ஏறுனது?"

எல்லாக் கையும் காசிமாயனைக் காட்டியது. கோயில் வாசலில் ஊர் கூடியது. விருமாண்டிக்கு நக்கல் எல்லாம் வற்றிப்போய்விட்டது. இது சிரிக்கிற விஷயமில்லை. சாமி உத்தரவில்லாமல் கண்மாயை அழித்தவனையும் அவனுக்குப் பெண் கொடுத்த வீட்டையும் ஊர் தள்ளி வைக்கும். நெருப்புத் தராது, தண்ணீர் தராது.

"எதுக்கய்யா வீசுனீக? வாயத் திறந்து சொல்லுங்க!" என்றார் அம்பலம்.

காசிமாயன் வாயைத் திறந்தார். "நான் மீனைத்தான்..."

அதற்குள் உடுக்கை முழங்கியது. கோடாங்கி சிவனாண்டி எழுந்து ஆடினார். கழுவுகிற மீனில் நழுவுகிற மீன் அவர். தாசில்தார் வந்ததும் ஓரமாகப் போய்விட வேண்டும் என்று அம்பலம் கோடாங்கியிடம் முந்தின நாளே சொல்லியிருந்தது ஊருக்கே தெரியும். அந்தக் காந்தல் உள்ளே கிடந்தது. தவிர, அகப்பட்ட மீனை இனிமேல் யாரும் திரும்பக் கொடுக்கப்போவதில்லை என்பதும் அவருக்குத் தெரியும்.

"அடேய்! எம்புட்டு நேரம்டா என்னயக் காக்க வைப்பீக? பச்சப்பிள்ளையெல்லாம் வெயில்ல வேகுது, நீ எல்லையில மாலையோட நிக்கிற! எனக்குப் பெரியவனாடா தாசில்தார்? அதான் மருமகன் மேல இறங்கி நானே வீசுனேன்டா வெள்ளைய!"

மடியில் மீனை வைத்துக்கொண்டு நின்ற ஏழு ஊர்ச் சனமும் இதைவிட நியாயமான வாக்கைக் கேட்டதே இல்லை. "அய்யனாரே!" என்று குலவை போட்டது. அம்பலம் கூட்டத்தைப் பார்த்தார், உடுக்கையைப் பார்த்தார். சட்டென்று காசிமாயன் காலில் விழுந்துவிட்டார். பெரிய மனிதர் என்றால் சும்மாவா? எந்த நேரத்தில் விழ வேண்டும் என்று தெரிந்திருக்க வேண்டும்.

காசிமாயன் தலையில் பரிவட்டம் கட்டினார்கள். கழுத்தில் தாசில்தாருக்குப் போட்டுக் கழற்றிய மாலை. இனி வருஷா வருஷம் மடைக்கல்லில் நின்று வெள்ளை வீசுகிற உரிமை அவருக்கே என்று அம்பலம் அறிவித்தார். அறிவித்துவிட்டு, உரிமையோடு சேர்ந்த கட்டுப்பாட்டையும் சொன்னார். சொல்லும்போது அவர் மீசை கொஞ்சம் துடித்தது.

"வெள்ளை வீசுற கை அய்யனார் கை. அந்தக் கை ஆயுசுக்கும் எந்தக் கண்மாயிலயும் வலையோ தூண்டிலோ தொடப்படாது. நான் தொட்டதில்ல. எங்கப்பன் தொட்டதில்ல."

காசிமாயனுக்குத் திருடனுக்குத் தேள் கொட்டின மாதிரி ஆயிற்று. உண்மையைச் சொன்னால் மேனேஜரைப் பிடித்த பேர் கிடைக்கும். மாமனார் வீட்டில் அடுப்பு எரியாது. சொல்லாவிட்டால் சாமியாகலாம், தூண்டில் போய்விடும். கூட்டத்தின் ஓரத்தில் பாண்டியம்மாள் கூடையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு நின்றாள். கூடைக்குள் தாமரை இலை ஒரு தடவை எழும்பி அடங்கியது. அவர் பார்ப்பதைப் பார்த்து அவள் மெல்லத் தலையை ஆட்டினாள். வேண்டாம் என்று.

விருமாண்டிக்கு உயிர் திரும்பி வந்திருந்தது. உயிர் வந்தால் வாயும் வந்துவிடுமே. கூட்டத்துக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு, "சாமி, ஒரே ஒரு சந்தேகம். ஏழு ஊரு இறங்கியும் அந்த மேனேஜர் விராலு யாருக்கும் அகப்படலையே. அது இருந்துச்சா, இல்லையா?" என்றான்.

கூட்டம் காது கொடுத்தது. பரிவட்டம் காசிமாயனின் நெற்றியை இறுக்கியது.

"இல்ல மச்சான்" என்றார். "அது பாசிதான்."

சாயங்காலம் மாமனார் வீட்டுக் கொல்லையில் பாண்டியம்மாள் கதவைச் சாத்திக்கொண்டு யாருக்கும் தெரியாமல் மீனை அரிந்தாள். குழம்பு கொதிக்கிற வாசனை வந்தபோது, விராலா என்று கேட்ட விருமாண்டியிடம், கிழக்கு ஊர்க்காரி ஒருத்தி சாமிக்கென்று கொடுத்தது என்றாள். அவன் வாசலில் உட்கார்ந்து, மூன்று துண்டையும் செருகிய சீமைக் கம்பின் நுனியில் மிக நிதானமாக அரிவாளைக் கட்டிக்கொண்டிருந்தான். சக்கரம் தடையாக இருக்கிறது என்று கழற்றி வைத்துவிட்டான்.

காசிமாயன் முன்னால் தட்டை வைத்தாள் பாண்டியம்மாள். சோற்றின் மேல் மேனேஜரின் தலை. தட்டின் விளிம்பில் கழுவி வைத்த இரண்டு முட்கள். துருப்பிடித்த முள்ளில் சிவப்பு நூல் அப்படியே இருந்தது. காசிமாயன் அதை விரலால் தொட்டுப் பார்த்தார். பிறகு குழந்தை மாதிரி அழுதார். சத்தம் வாசலுக்குக் கேட்டுவிடாமல் துண்டை வாயில் வைத்து அழுத்திக்கொண்டு அழுதார்.

பாண்டியம்மாள் பக்கத்தில் உட்கார்ந்தாள். "நான் சிரிச்சிருக்கக் கூடாது. என் புத்தியச் செருப்பால அடிக்கணும்" என்றாள். தட்டை அவர் பக்கம் நகர்த்தி, "நான் என் கண்ணால பாத்துட்டேன்ல. நான் நம்புறேன்ல. அது போதாதா உங்களுக்கு?" என்று கேட்டாள்.

இத்தனை மாதமாக அவர் ஏங்கினது அதற்குத்தான். அவள் ஒருத்தி நம்பினால் போதும் என்றுதான் வெயிலில் காய்ந்தார், தவளை பிடித்தார், கருவேலம் புதருக்குள் பதுங்கினார். காசிமாயன் முள்ளைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். வாசல் பக்கம் பார்த்தார். அங்கே மச்சான் தொரட்டியைத் தூக்கி முருங்கை மரத்துக்கு எட்டுகிறதா என்று அளந்துகொண்டிருந்தான்.

"போதாதுடி" என்றார்.

சொல்லிவிட்டு மேனேஜரின் கன்னத்துச் சதையைக் கிள்ளி வாயில் போட்டுக்கொண்டார். உப்புக் கொஞ்சம் தூக்கலாக இருந்தது.